கேட்டவர் போன பிறகும் பதில் இருக்க வேண்டும்

உட்காருங்கள் டாக்டர், டீ வரட்டும். நீங்கள் கேட்டது பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. பயப்படுகிற விஷயமும் இல்லை. அரசு மருந்தகங்களிலும் பால் கூட்டுறவு ஒன்றியத்திலும் தனியாகவும் வேலை பார்க்கிற உங்கள் மாவட்டத்துக் கால்நடை மருத்துவர்கள் முந்நூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். தொழில் சந்தேகங்களை அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அது மின்னஞ்சல் குழுவாக இருக்கலாமா, கருத்துக்களமாக இருக்கலாமா, எப்படித் தொடங்குவது, யார் பார்த்துக்கொள்வது? இதுதானே உங்கள் கேள்வி?

உங்கள் சங்கத்தில் முதல் கூட்டத்திலேயே யாராவது எழுந்து, "வாட்ஸாப் குழுதான் இருக்கிறதே" என்பார்கள். அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

வாட்ஸாப் போதும் இடமும் போதாத இடமும்

வாட்ஸாப் குழுவைக் கலைத்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இரவு பதினொரு மணிக்குக் கன்று குறுக்கே திரும்பிக் கிடக்கிறது, பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம் என்று 2022-ல் ஆக்கிவிட்டார்கள். உங்கள் முந்நூறு பேர் தாராளமாக அடங்குவார்கள்.

வேறொரு வகைக் கேள்வியைப் பாருங்கள். ஜெர்சி கலப்பினப் பசு, மூன்றாம் ஈற்று, ஈன்ற மறுநாள் படுத்தது, எழவில்லை. பால் காய்ச்சல் என்று கால்சியம் ஏற்றியாயிற்று. தீனி தின்கிறது, அசை போடுகிறது, ஆனால் எழவில்லை. ஒருவர் பாஸ்பரஸ் குறைந்திருக்கலாம் என்கிறார். இன்னொருவர் பொட்டாசியத்தைப் பாருங்கள் என்கிறார். மூன்றாமவர், கன்று பெரிதா, இழுத்து எடுத்தீர்களா, பின்னங்கால் நரம்பு நசுங்கியிருக்குமா என்று கேட்டுவிட்டு, சிமென்ட் தரையிலிருந்து மண் தரைக்கு மாற்றி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள் என்கிறார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வகுப்பறையில் நடக்க வேண்டிய பாடம் குழுவில் நடந்திருக்கிறது.

மறுநாள் காலை அதன் மேல் நான்கு பிறந்தநாள் வாழ்த்தும், ஓர் அரசாணையும், ஒரு பணிநிறைவு விழாப் படமும் வந்து உட்கார்ந்துவிடும். இரண்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் அதே கேள்வியைக் கேட்பார். அதே மூன்று பேர் அதே பதிலைச் சொல்ல வேண்டும். நான்காம் தடவை அவர்கள் சொல்ல மாட்டார்கள். குழுவை விட்டு விலகவும் மாட்டார்கள், பேசாமல் இருந்துவிடுவார்கள். நன்றாகத் தெரிந்தவர்கள் ஓய்ந்துபோவதுதான் ஒரு தொழிற்குழுவுக்கு நேரக்கூடிய பெரிய நஷ்டம். அது சத்தமில்லாமல் நேருவதால் யாரும் கவனிப்பதில்லை.

உங்கள் மருந்தகத்தில் சிகிச்சைப் பதிவேடு வைத்திருக்கிறீர்கள் அல்லவா? இன்று பார்த்த மாட்டை நாளைக்கு வருகிறவரும் புரிந்துகொள்ள அது உதவுகிறது. மின்னஞ்சல் குழு அந்தப் பதிவேட்டின் வேலையைச் செய்கிறது. கேட்டவர் மாற்றலாகிப் போன பிறகும் அவருக்குக் கிடைத்த பதில் அங்கே இருக்கும். நாம் இன்று பேசப்போகிற எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

ஒரு முகவரி, முந்நூறு பெட்டிகள்

உள்ளே நடப்பது எளிமையானது. குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி. அதற்கு நீங்கள் ஒரு மடல் அனுப்பினால், ஒரு மென்பொருள் அதை வாங்கி, உறுப்பினர் பட்டியலைப் பார்த்து, எல்லோருக்கும் ஒரு பிரதி அனுப்பி, பெட்டகத்தில் ஒரு பிரதியைச் சேர்த்துவைக்கும். ஒரே பொருளில் வருகிற பதில்களை ஓர் இழையாகக் கோக்கும். தினமும் பத்து மடல் வருவது தொந்தரவு என்பவருக்கு நாளுக்கு ஒரே தொகுப்பாக அனுப்பும். மடலே வேண்டாம், தேவைப்படும்போது வந்து பார்த்துக்கொள்கிறேன் என்பவரையும் விட்டுவிடும்.

இது பழைய ஏற்பாடு. இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1975-லேயே மின்னஞ்சலைப் பற்றிப் பேச ஒரு குழு இருந்தது. அந்தக் காலத்தில் பெயர்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஒரு மனிதரின் கைவேலை. குழு பெருகப் பெருக அந்த மனிதருக்கு மூச்சுத் திணறியது. 1986-ல் எரிக் தாமஸ் என்ற மாணவர், பல்கலைக்கழகங்களை இணைத்த பிட்நெட் வலையமைப்புக்காக லிஸ்ட்செர்வ் என்ற மென்பொருளை எழுதினார். சேர்கிறவர் தாமே சேரவும் விலகுகிறவர் தாமே விலகவும் வழி வந்தது அப்போதுதான். தொழில்முறைக் குழுக்களும் அறிஞர் குழுக்களும் பெருகியது அதற்குப் பிறகு. இலக்கியம் போன்ற கலைத்துறைகளும் கணினியும் சந்திக்கிற புலத்துக்காக 1987-ல் வில்லர்ட் மெக்கார்ட்டி தொடங்கிய ஹியூமனிஸ்ட் குழுவும், இந்தியவியல் அறிஞர்களுக்காக 1990-ல் டொமினிக் வுயஸ்டிக் தொடங்கிய இண்டாலஜி குழுவும் முப்பது ஆண்டுகளைத் தாண்டி ஓடியிருக்கின்றன. இதற்கிடையில் எத்தனை செயலிகள் வந்து போயிருக்கின்றன, எண்ணிப் பாருங்கள். மின்னஞ்சல் ஒரு நிறுவனத்தின் சொத்து இல்லை. யாருடைய முகவரியிலிருந்தும் யாருடைய முகவரிக்கும் போகும். நீண்ட ஆயுளுக்குக் காரணம் அதுதான்.

தமிழர்களுக்கும் இதில் பங்குண்டு. 1995-ல் பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவிலிருந்து தொடங்கிய தமிழ்.நெட் மின்னஞ்சல் குழுவில் பல நாட்டுத் தமிழர்கள் கூடினார்கள். திரையில் தமிழ் எழுத்தே ஒழுங்காகத் தெரியாத காலம் அது. எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியேற்றம் வேண்டும் என்று மடல் மடலாக விவாதித்துத்தான் திஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்கள் பழந்தமிழ் நூல்களைப் பங்குபோட்டுத் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். அவர்களைச் சேர்த்துக் கட்டியது மின்னஞ்சல்தான்.

ஒரு கேள்வியின் வலிமை

உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமான ஒரு குழுவைச் சொல்கிறேன். புரோமெட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மனிதர், விலங்கு, பயிர் என்று மூன்றிலும் புதிதாகத் தலைகாட்டும் நோய்களைப் பற்றிச் செய்தி பரிமாற 1994-ல் தொடங்கிய மின்னஞ்சல் குழு. தொடக்கத்தில் ஏழு நாடுகளைச் சேர்ந்த நாற்பது பேர். பிற்பாடு உலகம் முழுக்கப் பல்லாயிரக்கணக்கானோர்.

2003 பிப்ரவரி 10 அன்று ஸ்டீஃபன் கன்னியன் என்ற மருத்துவர் அதில் ஒரு கேள்வி போட்டார். சீனாவின் குவாங்சௌ நகரில் ஏதோ நோய் பரவுகிறதாம், மருத்துவமனைகளை மூடுகிறார்களாம், மக்கள் சாகிறார்களாம், யாருக்காவது தெரியுமா என்பதுதான் சாரம். அவருக்கே அது வேறொருவர் வழியாக வந்த சேதி. மறுநாள் சீன அரசு, குவாங்டாங் மாகாணத்தில் 305 பேர் தாக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார அமைப்பிடம் தெரிவித்தது. சார்ஸ் என்று பின்னால் பெயர் பெற்ற நோய் அது. 2012 செப்டம்பரில் சவுதி அரேபியாவின் ஜெட்டாவிலிருந்து அலி முகமது ஜக்கி என்ற நுண்ணுயிரியலாளர், ஒரு நோயாளியிடம் கண்ட புது கொரோனா வைரஸைப் பற்றி அதே குழுவில் எழுதினார். அது மெர்ஸ். 2019 டிசம்பர் 30 அன்று வூகானில் காரணம் தெரியாத நிமோனியா என்ற செய்தியை உலகத்துக்குக் கொண்டுபோனதும் இதே குழு.

இதில் நமக்கு என்ன பாடம்? கன்னியனிடம் விடை இல்லை. கேள்விதான் இருந்தது. விடை வைத்திருக்கக்கூடியவர்கள் எல்லோரும் வந்து பார்க்கிற ஓர் இடம் தயாராக இருந்தது, அந்தக் கேள்வியைப் படித்து, சரிபார்த்து, உரிய குறிப்போடு வெளியிட ஆளும் இருந்தார்கள். நோய் வந்த பிறகு இடத்தைக் கட்ட முடியாது. உங்கள் மாவட்டத்துக் கறவை மாடுகளுக்குப் பழக்கமில்லாத ஒரு கழலை வரும்போது, மூன்று ஒன்றியங்களில் தனித்தனியாகப் பார்த்த மூன்று மருத்துவர்கள் அதை ஒரே நாளில் ஒரே இழையில் சொல்லிக்கொண்டால் எவ்வளவு நாள் மிச்சமாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பதில் யாருக்குப் போக வேண்டும்?

குழுவை அமைக்கும்போது ஒரு சின்னத் தேர்வு வரும். ஒருவர் பதில் பொத்தானை அழுத்தினால் அது கேட்டவருக்கு மட்டும் போகட்டுமா, எல்லோருக்கும் போகட்டுமா? சின்னதுதான், ஆனால் குழுவின் குணத்தைத் தீர்மானிப்பது அது.

எல்லோருக்கும் போனால் எல்லோரும் கற்கலாம், தவறான பதிலை இன்னொருவர் திருத்தலாம். ஆனால் "நன்றி சார்", "ஆமாம் சார்" என்ற மடல்களும் முந்நூறு பெட்டிகளில் விழும். ஒருவருக்கென்று எழுதிய சொந்த விஷயம் தவறிப்போய் ஊர் முழுக்கப் போகும். கேட்டவருக்கு மட்டும் போனால் பெட்டி சுத்தமாக இருக்கும். ஆனால் பதில் அவரோடு போய்விடும்.

சன் நிறுவனத்தின் கணினிகளைப் பராமரித்த நிர்வாகிகளுக்கு சன் மேனேஜர்ஸ் என்றொரு குழு இருந்தது. அவர்கள் இதற்கு ஓர் அழகான வழி வைத்திருந்தார்கள். பதில்கள் கேட்டவருக்கு மட்டும் போகும். பிரச்சினை தீர்ந்ததும், வந்த பதில்களையெல்லாம் அவர் தொகுத்து, எது வேலை செய்தது என்று குறிப்பிட்டு, தலைப்பில் "தொகுப்பு" என்று போட்டுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அது அவருடைய கடமை. உதவி வாங்கியவர் திருப்பிச் செலுத்துகிற கடன்.

இந்தியாவிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2005 முதல் சொல்யூஷன் எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில் தாய்சேய் நலம், குடிநீர், கல்வி போன்ற துறைகளில் களப்பணியாளர்களுக்கு மின்னஞ்சல் குழுக்களை நடத்தின. ஒருவர் கேள்வி அனுப்புவார். குழுவைக் கவனித்து நடத்துகிற மட்டுறுத்துநர் அதைத் தெளிவாக்கி வெளியிடுவார். குறிப்பிட்ட நாள் வரை பதில்கள் வரும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, அனுபவங்களையும் படிக்க வேண்டியவற்றையும் இணைத்து ஒரே ஆவணமாக உறுப்பினர்களுக்கு அனுப்புவார்கள். எங்கோ ஓர் ஒன்றியத்தில் இருந்தவரின் கேள்வி, நாடு முழுக்க வேலை செய்கிறவர்களுக்குக் கையேடாக மாறியது.

உங்களுக்கு நான் சொல்லும் வழி, எல்லோருக்கும், கேட்டவருக்கு மட்டும் என்ற இரண்டுக்கும் நடுவில். பதில் எல்லோருக்கும் போகட்டும்; உங்கள் குழு தவறைத் திருத்திக்கொள்ள அது வேண்டும். ஆனால் கேட்டவர் பத்து நாளுக்குள் தொகுப்பு எழுதுவது கட்டாயமாக இருக்கட்டும். மாடு எழுந்ததா, எழவில்லையா, கடைசியில் என்ன என்று தெரிந்தது? மாடு செத்துப்போயிருந்தால் அதையும் எழுத வேண்டும். தோற்ற சிகிச்சையின் முடிவு எழுதப்படாத இடத்தில் அதே சிகிச்சை மறுபடி மறுபடி நடக்கும்.

கேள்வி கேட்பதற்கும் ஓர் ஒழுங்கு வையுங்கள். தலைப்பில் முதலில் விலங்கின் பெயர், பிறகு முதன்மையான அறிகுறி. உள்ளே இனம், வயது, ஈற்று, எத்தனை நாளாக, உடல் வெப்பம், இதுவரை கொடுத்த மருந்து, அதற்கு விளைவு. தலைப்புக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. பின்னால் தேடும்போது தமிழ் கொஞ்சம் சோதிக்கும். ஒருவர் மாடு என்பார், ஒருவர் பசு என்பார், பசுவுக்கு, பசுவின் என்று வேற்றுமை ஏறும், நோயின் பெயரைச் சிலர் ரோமன் எழுத்தில் அடிப்பார்கள். இருபது முப்பது சொற்களை முன்கூட்டியே முடிவு செய்து, தலைப்பில் அவற்றை மட்டும் பயன்படுத்தினால் ஐந்து வருடம் கழித்தும் பழைய இழை ஒரே தேடலில் கிடைக்கும்.

மட்டுறுத்துநர் என்கிற ஆள்

மென்பொருளை ஒரு மாலைப்பொழுதில் அமைத்துவிடலாம். குழு நிலைப்பது மட்டுறுத்துநரால். அவருக்குச் சில வேலைகள் உண்டு. சேர விண்ணப்பிக்கிறவர் உண்மையில் மருத்துவர்தானா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பார்ப்பது. புதியவரின் முதல் ஒன்றிரண்டு மடல்களைப் படித்து அனுமதிப்பது. இழை திசைமாறினால் தனி மடலில் மெல்லச் சொல்வது. இரண்டு நாளாகப் பதிலே வராத கேள்வியை எடுத்து, அது தெரிந்த ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்லி எழுத வைப்பது. கடைசி வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியம். முதல்முறை கேட்டவருக்குப் பதில் வராமல் போனால் அவர் இரண்டாம்முறை கேட்கவே மாட்டார்.

எல்லோரும் எழுதவில்லையே என்று மனம் தளராதீர்கள். ஜேக்கப் நீல்சன் 2006-ல் எழுதிய ஒரு கணக்கு உண்டு: இத்தகைய இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிக்கிறவர்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுகிறவர்கள், ஒருவர்தான் நிறைய எழுதுகிறவர். அது உத்தேசக் கணக்குதான். ஆனாலும் உங்கள் முந்நூறில் மூன்று பேர் தொடர்ந்து எழுதி, இருபத்தைந்து முப்பது பேர் அவ்வப்போது எழுதினால் குழு நல்ல உடல்நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். படிக்கிறவர்களும் பயன் பெறுகிறார்கள்.

மூன்று மட்டுறுத்துநர்கள் வைத்து மாதம் ஒருவராக மாறிக்கொள்ளுங்கள். ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டினால் ஒரு வருடத்தில் களைத்துவிடுவார். புரோமெட்டுக்கே இந்தச் சோதனை வந்தது. 2023-ல் பணமுடை காரணமாகச் சந்தா முறை அறிவிக்கப்பட்டபோது, தங்களைக் கலக்கவில்லை, ஊதியமும் நிலுவையில் இருக்கிறது என்று மட்டுறுத்துநர்களில் பலர் பணியை நிறுத்தினார்கள். உலகம் நம்பியிருந்த ஒரு குழு சில பேரின் உழைப்பில் நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. உங்கள் மட்டுறுத்துநர்களுக்குச் சங்கக் கூட்டத்தில் ஒரு நாற்காலியும், ஆண்டறிக்கையில் ஒரு பக்கமும் கொடுங்கள். அவர்கள் செய்வது சங்க வேலை.

விதிகளும் சட்டமும்

விதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். மருந்துக் கம்பெனி விளம்பரம் கூடாது. வாழ்த்து, இரங்கல், அரசியல் கூடாது. பணிமூப்புப் பட்டியல், மாறுதல், அரசாணை ஆகியவற்றுக்குத் தனியாக ஓர் அறிவிப்புக் குழு வையுங்கள். அவை தேவைதான், ஆனால் சிகிச்சை இழைக்குள் வந்தால் அதை மூழ்கடித்துவிடும். மாட்டுக்காரரின் பெயர், தொலைபேசி எண், அவர் முகம் தெரிகிற படம் வேண்டாம். தனிநபர் தரவுகளைக் காக்க 2023-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அவர் நம்மை நம்பித்தான் தொழுவத்துக்குள் விட்டார்.

அடைப்பான் போன்ற நோய் என்று சந்தேகம் வந்தால் முதல் தகவல் துறைக்குப் போக வேண்டும். கால்நடைத் தொற்றுநோய்களுக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அட்டவணை நோய்களைத் தெரிவிப்பதைக் கடமையாக்கியிருக்கிறது. குழுவில் எழுதியாயிற்று என்பது அதற்கு ஈடாகாது. இந்த ஒரு வரியை விதிகளில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

யாரோ எழுதியதற்கு நிர்வாகி மாட்டிக்கொள்வாரா என்று கேட்பார்கள். கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸாப் குழு ஒன்று தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் ஒரு தெளிவைத் தந்தது: நிர்வாகியாக இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யாதவர் என்றால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இடம்பெறக் கூடாது. அதே ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை, உறுப்பினர் போடுவதை முன்கூட்டியே தடுக்கும் வசதி வாட்ஸாப் நிர்வாகிக்கு இல்லை என்பதைக் காரணமாகக் கொண்டு, உறுப்பினர் போட்டதற்கு நிர்வாகியைப் பொறுப்பாக்க மறுத்தது. மின்னஞ்சல் குழுவில் மடலைப் படித்து அனுமதிக்கிறவருக்கு அந்தக் காரணம் அப்படியே பொருந்தாது. ஆகவே அனுமதிக்கும்முன் முழுக்கப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் இன்னொரு மட்டுறுத்துநரைக் கேளுங்கள்.

மடலா, களமா?

கருத்துக்களம் என்பது நாம் தேடிப் போகிற இடம். மின்னஞ்சல் நம்மைத் தேடி வருவது. களத்தில் மாடு, ஆடு, கோழி, நாய் என்று பிரிவுகள் வைக்கலாம், சரியான பதிலை மேலே நிறுத்தலாம், தேடுவது சுலபம். ஆனால் நாள் முழுக்க முகாம்களில் அலைகிற மருத்துவர் ஒரு தளத்துக்குப் போய்க் கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைவார் என்று எதிர்பார்க்க முடியாது. 2013-ல் அறிமுகமான டிஸ்கோர்ஸ் போன்ற மென்பொருள்கள் இரண்டையும் இணைக்கின்றன: களமாகவும் இருக்கும், மின்னஞ்சலிலேயே படித்துப் பதிலும் எழுதலாம். அதற்குச் சர்வர் வேண்டும், பராமரிக்க ஆளும் பணமும் வேண்டும். முதல் வருடம் இலவசமான கூகுள் குழுமத்தில் தொடங்குங்கள். பெட்டகம் நிறைந்து, பழக்கம் ஊறிய பிறகு களத்துக்கு மாறலாம்.

ஒரு தொழில்நுட்பச் சங்கதியைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதிய மடல் குழுவின் சர்வர் வழியாகப் போகும்போது, வாங்குகிற பக்கம், உங்கள் பெயரில் வேறு யாரோ அனுப்புகிறார்களோ என்று சந்தேகப்படும். 2014 ஏப்ரலில் யாஹூ தன் முகவரிகளுக்கு இந்தச் சோதனையைக் கடுமையாக்கியபோது உலகம் முழுக்க மின்னஞ்சல் குழுக்கள் தடுமாறின. அதன்பின்தான் பல குழுக்கள் அனுப்புநர் பெயரோடு "குழு வழியாக" என்று சேர்த்து அனுப்பத் தொடங்கின. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும், பெரிய அளவில் மடல் அனுப்புகிறவர்களிடம் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற அடையாளச் சான்றுகளைக் கண்டிப்பாகக் கேட்கின்றன. கூகுள் குழுமம் போன்ற சேவையில் இதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சங்கத்தின் சொந்தப் பெயரில் சர்வர் வைக்கும் நாளில், அமைத்துத் தருபவரிடம் இந்த மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் மடல்கள் குப்பைப் பெட்டியில் விழலாம்.

பெட்டகம் யாருடையது?

ராயர் காபி கிளப், மரத்தடி, அகத்தியர் என்று யாஹூ குழுமங்களில் தமிழர்கள் எவ்வளவு எழுதினார்கள்! இலக்கியம், மருத்துவம், சமயம், கணினி என்று ஒன்றுவிடாமல் பேசினார்கள். 2019 அக்டோபரில் பழைய பெட்டகங்களை அழிக்கப்போவதாக யாஹூ அறிவித்தது; 2020 டிசம்பர் 15-ல் சேவையையே மூடியது. முன்பே நகல் எடுத்துவைத்தவர்களின் மடல்கள் பிழைத்தன. எடுக்காத குழுமங்களின் மடல்கள் போயின. நிர்வாகி காலமானதாலோ கடவுச்சொல் மறந்ததாலோ யாரும் உள்ளே போக முடியாத குழுமங்களை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே சில ஏற்பாடுகளை முதல் நாளே செய்துவிடுங்கள். குழுவின் உரிமையாளர் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். தலைவரின் சொந்த முகவரியில் வேண்டாம். குறைந்தது மூன்று பேருக்கு உரிமை கொடுங்கள். நிர்வாகிகள் மாறும்போது சாவிக்கொத்து கைமாறுவதுபோல அதுவும் கைமாற வேண்டும் என்று தீர்மானம் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டகம் முழுவதையும் பதிவிறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். பெட்டகத்தை உறுப்பினர் மட்டும் பார்க்கட்டும். தொகுப்புகளை மட்டும், அடையாளங்களை நீக்கி, கல்லூரி மாணவர்களுக்கும் திறந்துவிடலாம்.

எங்கே தொடங்குவது

முந்நூறு பேரையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். கேட்கத் தயங்காத, சொல்லிக்கொடுக்க விரும்பும் இருபது பேரை முதலில் கூப்பிடுங்கள். பணி ஓய்வு பெற்ற ஒன்றிரண்டு மூத்தவர்களும், போன வருடம் வேலையில் சேர்ந்த ஒன்றிரண்டு இளையவர்களும் அதில் இருக்க வேண்டும். இந்தக் குழு எதற்கு என்று ஒரே வாக்கியத்தில் எழுதி, விதிகளின் தலையில் வையுங்கள். வாரம் ஒருவர் தாம் பார்த்த ஒரு கேஸை எழுதட்டும். மூன்று மாதத்தில் பத்துப் பதினைந்து நல்ல இழைகள் சேர்ந்துவிடும். மற்றவர்களை அப்போது அழையுங்கள். உள்ளே வருகிறவருக்குப் படிக்க ஏதாவது இருக்கும், எப்படி எழுத வேண்டும் என்பதும் சொல்லாமலே விளங்கும். வாட்ஸாப் குழுவில் நல்ல விவாதம் நடந்தால் அதை ஒருவர் எழுதி மின்னஞ்சல் குழுவில் சேர்க்கட்டும். இரண்டுக்கும் பகை இல்லை. அவசரம் அங்கே, நினைவு இங்கே.

முதல் கேள்வியை நீங்களே எழுதுங்கள் டாக்டர். உங்களுக்கு உண்மையாகவே விடை தெரியாத கேள்வியாக இருக்கட்டும். முப்பது வருட அனுபவம் உள்ளவரே கேட்கிறார் என்றால் இளையவர்களுக்குத் தயக்கம் போகும். வருகிற பதில்களைத் தொகுத்து, மாடு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து நீங்கள் அனுப்புகிற அந்த மடல்தான் குழுவின் தொடக்க விழா. அதுவரை யாருக்கும் அழைப்பிதழ் அடிக்க வேண்டாம்.